உப்பு போடாத கரி

என் எழுதும் மேஜையில் ஒரு பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில் இருக்கிறது. ஒரு காலத்தில் அதில் அமிலம் இருந்தது. இப்போது முக்கால் பாட்டில் கரித்தூள். வீட்டுக்கு வருகிறவர்கள் பல்பொடியா என்று கேட்பார்கள். என் மைத்துனர் ஒருமுறை கேட்காமலே எடுத்துப் பல் தேய்த்துவிட்டு, வாயெல்லாம் கறுப்பாக வந்து நின்று, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அன்று நான் போட்ட சத்தத்தில் அவர் சாப்பிடாமல் ஊருக்குப் போய்விட்டார். ஒரு பிடி கரிக்காகச் சொந்தக்காரனைப் பகைத்துக்கொள்வார்களா என்று என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள். நான் பகைத்துக்கொள்வேன். அந்தப் பாட்டிலில் ஒட்டிய சீட்டில், சாய்ந்த கையெழுத்தில் இரண்டே சொற்கள் இருக்கின்றன: ‘உப்பு போடல.’ அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பரபரக்கும். ஓடிப்போய் யாரையாவது பிடித்து உட்காரவைத்துக் கதை முழுவதையும் சொல்ல வேண்டும்போல் இருக்கும்.

அதை எழுதியவர் எங்கள் மண் பரிசோதனைக் கூடத்தின் அட்டெண்டர். தொண்ணூறுகளின் நடுவில் நான் திருவண்ணாமலைக்கு மாற்றலாகி வந்தேன். தனி மாவட்டமாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பாதி அலுவலகங்கள் வாடகை வீடுகளில்தான் நடந்தன. எங்கள் கூடமும் அப்படித்தான். யாரோ சமைத்த அடுப்பங்கரையில் அமில பாட்டில்கள், ஹாலில் தராசு, பூஜை அறையில் பழைய கோப்புகள். பின்பக்க ஜன்னலைத் திறந்தால் மலை. நான் வேலூர்க்காரன், கல்யாணமாகாதவன், முதல்முறையாக ஒரு கூடத்துக்குப் பொறுப்பேற்றவன். கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருந்தது. அவர் என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். கணவர் எங்கள் துறையில் ஜீப் ஓட்டியவர். அவர் இறந்தபின் கருணை அடிப்படையில் இவருக்கு வேலை கிடைத்தது. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை சார் என்பார். சோதனைக் குழாய்களை அவர் கழுவி வைத்தால் உள்ளே ஒரு துளி தண்ணீர்கூட ஒட்டாது. அந்தக் கைச்சுத்தத்தை நம்பித்தான் நாங்கள் பிழைத்தோம்.

அந்தப் பக்கத்தில் சில கிராமங்களில் சுக்கான் மண் உண்டு. உழுதால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் மேலே வரும். ஒரு சொட்டு அமிலம் விட்டால் சோடா திறந்ததுபோல் நுரைக்கும். அந்த மண்ணில் எவ்வளவு சூப்பர் பாஸ்பேட் போட்டாலும் பயிருக்குப் போய்ச் சேராது. சுண்ணாம்பு அதிலுள்ள மணிச்சத்தைப் பிடித்துக் கல்லாக்கி வைத்துக்கொள்ளும். மணிச்சத்து என்பது பாஸ்பரஸ். வேர் இறங்கவும் மணி பிடிக்கவும் அது வேண்டும். மண்ணில் நிறைய இருக்கும், செடி மட்டும் பட்டினி கிடக்கும். ஊரெல்லாம் தண்ணீர் இருந்தும் குழாயில் வராத கதைதான். செடிக்குக் கிடைக்கிற மணிச்சத்து எவ்வளவு என்று பார்க்க, மண்ணை ஒரு கார உப்புக் கரைசலில் குலுக்கி, வடிகட்டி, மருந்து சேர்ப்போம். சத்து இருந்தால் நீலம் வரும். அதிகம் இருந்தால் நீலம் அடர்த்தியாகும். மண்ணின் பழுப்பு நிறம் அந்த நீலத்தை மறைக்காமலிருக்க, நிறத்தை உறிஞ்சும் கரித்தூள் ஒரு சிட்டிகை போட வேண்டும். அது மருந்துக் கம்பெனியிலிருந்து டப்பாவில் வரும், சத்து எதுவும் இல்லாமல் கழுவிச் சுத்தம் செய்த கரி. இந்த இடத்தை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் முன்பு டப்பா காலி. சென்னையிலிருந்து பார்சல் வரவில்லை. தீபக் கூட்டத்துக்காக ஊரே தடுப்புக் கட்டைகளால் நிரம்பிக்கொண்டிருந்தது. லாரி எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. நானோ இரண்டு டஜன் விவசாயிகளுக்கு முடிவு தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். மறுநாள் டப்பாவைத் திறந்தால் பாதிக்குக் கரி இருக்கிறது! பார்சல் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மகிழ்ச்சியாக எல்லாக் குழாய்களிலும் போட்டு மருந்து ஊற்றினேன். பத்து நிமிடத்தில் எல்லாம் நீலம். மண்ணே போடாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைக்கிற பிளாங்க் குழாயும் நீலம். தண்ணீர்போல் இருக்க வேண்டிய குழாய் சங்குப்பூ நிறத்தில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. கழுவுவதில் கோளாறு என்று நினைத்து நான் கத்த ஆரம்பித்தேன்.

“கழுவுறதுல ஒண்ணும் கொறை இல்ல சார்,” என்றார் அவர் நிதானமாக. “கரிதான் இல்லியேன்னு வீட்லேந்து எடுத்தாந்து போட்டேன். மாவளிக்கு இடிச்சது. வேட்டித் துணியில ரெண்டு வாட்டி சலிச்சேன் சார். உங்க டப்பாக் கரிய விட மைதாவாட்டம் இருக்கும்.”

மாவளியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தீபத்தன்று மலையில் சுடர் தெரிந்ததும் சுற்றுகிற பொறிப் பந்து அது. ஆண் பனையின் காய்ந்த பூக்கதிர்களைக் குழியில் போட்டுக் கொளுத்தி, சாம்பலாவதற்குள் மண் தள்ளி மூடிக் கரியாக்குவார்கள். அதை இடித்துத் துணியில் சுருட்டி, பனைமட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, கயிறு கோத்து, நெருப்பு வைத்துச் சுற்றினால் தலைக்கு மேல் வட்டமாகப் பொன் பொறி பறக்கும். அவர் தெருவுக்கே மாவளி கட்டித் தருகிறவர். அவருடைய கரியைப் பற்றி அவருக்கு இருந்த பெருமையைவிட என் முடிவுகள் பாழானது அன்று எனக்குப் பெரிதாக இருந்தது. மெமோ தருகிறேன் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். அவர் குழாய்களைக் கழுவ எடுத்துப் போனார்.

நான் உட்கார்ந்து மெமோ எழுதினேன். ‘மணிச்சத்து உள்ள கரியை அனுமதியின்றிச் சேர்த்ததால்’ என்று எழுதியதும் பேனா நின்றது. என்ன எழுதியிருக்கிறேன்? கரியில் மணிச்சத்து இருப்பது அதிசயமில்லை. அதனால்தான் கம்பெனிக்காரன் அதைக் கழுவி விற்கிறான். ஆனால் நான் ஊற்றிய கரைசல், சுண்ணாம்பு மண்ணில் செடிக்குக் கிடைப்பது எவ்வளவு என்று பார்ப்பதற்காகவே ஏற்பட்ட கரைசல். அதில் இந்தக் கரி தன் சத்தைக் கேட்டதும் கொடுத்திருக்கிறது! சுண்ணாம்பு பிடித்து வைத்துக்கொள்கிறதை இது விட்டுக் கொடுக்கிறது. அப்படியானால் எருவையும் பாஸ்பேட்டையும் முதலில் இந்தக் கரிக்கு ஊட்டிவிட்டு அப்புறம் மண்ணில் போட்டால்? நான் மெமோவைக் கிழித்தேன். கிழித்த காகிதத்தோடு பின்கட்டுக்கு ஓடினேன். அவர் அழுதுகொண்டு குழாய் கழுவிக்கொண்டிருந்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது எனக்காகவே சொன்னது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டியவன், “அக்கா, உங்க கொல்லை மண்ணு சுக்கானா?” என்று கேட்டேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “சுக்கான்தான் சார். மல்லாட்டை வெச்சா ஒரு சாண் வந்து நின்னுடும். மாவளிக்குழி இருக்கிற மூலைல மட்டும் முழங்கால் ஒசரம் வரும். மாட்டுக் கொட்டாய்த் தண்ணி அந்தப் பக்கமாத்தான் போவுது, அதனாலன்னு நெனைச்சேன்.” வேர்க்கடலைக்கு அங்கே பேர் மல்லாட்டை, புன்செய் நிலத்துக்குக் கொல்லை. கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கரியும் சாணித் தண்ணீரும் சுக்கான் மண்ணும் சேர்ந்த ஒரு சோதனையை அந்த மூலை பல வருஷமாக யாரும் கேட்காமல் நடத்திக்கொண்டிருக்கிறது!

அந்த நிலத்துக்கு அப்போது ஒரு கெடு இருந்தது. அவருடைய கணவரின் அண்ணன், அவர் வார்த்தையில் மூத்தார், இருவர் பங்கையும் சேர்த்து மனை போட்டுவிடலாம் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிவந்தார். சாலையை ஒட்டிய நிலம். இவர் பங்கு முன்னால் இருந்தது, இவர் கையெழுத்து இல்லாமல் அவருடையதற்கு வழி இல்லை. கெட்ட மனிதர் இல்லை. விளையாத மண்ணைக் கட்டிக்கொண்டு ஏன் மாரடிக்க வேண்டும் என்பது அவர் நியாயம். அக்காவின் நியாயம் வேறு. அரசாங்க வேலை கணவர் இறந்ததால் வந்தது. அந்தக் கொல்லை அவரும் கணவரும் சேர்ந்து கல் பொறுக்கிய இடம். “வேலைல எனக்கு நாற்காலி குடுத்தாங்க சார், அந்தக் கொல்லைலதான் நான் மொதலாளி,” என்று ஒருமுறை சொன்னார். கடைசியாக ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். இந்த மார்கழிப் பட்டத்து மல்லாட்டை வழக்கம்போல் பொய்த்தால் அக்கா கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

இதைக் கேட்டபின் எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. எருவோடு சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து ஊறவைத்துப் போடும் முறை எங்கள் துறையில் உண்டு. அதில் கரியையும் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். சாம்பல் கூடவே கூடாது, சுண்ணாம்புக்கே சுண்ணாம்பு பூசுவதாகிவிடும், கரி மட்டும்தான் வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். “கரிக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் எனக்குச் சொல்லணுமா சார்?” என்று சிரித்தார். தெருவில் மிஞ்சிய பனம்பூவையெல்லாம் திரட்டி மூன்று மூட்டை கரி செய்து, இடித்து, சாணிக் கரைசலில் பாஸ்பேட்டோடு கலந்துவிட்டதாக ஒரு நாள் வந்து சொன்னார். தீபம் முடிந்து ஊர் மூச்சுவிட்ட வாரம் அது. மீட்டரைத் தோள்பையில் போட்டுக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவன்போல் பஸ் ஏறினேன்.

கரைசலில் மீட்டரை விட்டேன். உப்பளவு காட்டும் முள் வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டது. மீட்டர் கெட்டுவிட்டது என்று தட்டிப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரில் விட்டால் ஒழுங்காகக் காட்டியது. “அக்கா, இதுல இன்னா போட்டீங்க?”

“ஒண்ணும் போடலியே சார். சாணி, பாஸ்பேட், கரி. கரியில வழக்கமா போடற உப்பு.”

“உப்பா!”

“உப்பு போடாம யாருனா கரி இடிப்பாங்களா சார்? அப்பதான பொறி படபடன்னு பறக்கும்?”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அவர் கை கரியை இடித்தது மாவளிக்காக மட்டும்தான். உலக்கை எடுத்தால் உப்பு தானாக விழும். அவர் மனம் அதை ஒரு சேர்மானமாகவே எண்ணவில்லை. கழுவலாம் என்றால் உப்போடு பாஸ்பேட்டும் போய்விடும். மூன்று மூட்டையும் வீண். விதைக்கப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது, ஊரில் ஒரு பனம்பூ மிச்சமில்லை. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “நானே என் கொல்லைக்கு உப்பு போட்டுக்கினேனே சார்,” என்றார். அன்று முதல்முறையாக எனக்குக் கோபம் வரவில்லை. மண்ணில் போடுவதற்கு முன்னால் தெரிந்ததே என்ற சந்தோஷம்தான் இருந்தது. அதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

மல்லாட்டை உடைக்கிற மில் ஒன்று பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் பின்னால் தோல் மலையாகக் குவிந்து கிடக்கும். அதை எங்களுக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அவர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கண்ணில் பட்டது. “மல்லாட்டைத் தோலும் கரியாவும் சார், ஆனா பேப்பர் மாதிரி, அசந்தா சாம்பல்.” இரண்டு பேரும் மூட்டை மூட்டையாக மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழிக்குத் தீ வைத்தார். முதலில் குபுகுபுவென்று வெள்ளைப் புகை. அவர் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு காற்று வரும் பக்கத்தில் நின்றார். நான் கடிகாரத்தைப் பார்த்து, மூடலாமா, மூடலாமா என்று பறந்துகொண்டிருந்தேன். கையைக் காட்டி என்னை அடக்கினார். புகை மெலிந்து, வெள்ளை போய், லேசான நீலமாகத் திரும்பிய கணத்தில், “இப்ப!” என்று கத்தினார். இரண்டு பேரும் வெறி வந்தவர்கள்போல் மண் தள்ளினோம். மறுநாள் தோண்டினால் ஓட்டின் வரிகள்கூட அழியாத கரி, தட்டினால் கண்ணாடிபோல் ஒலித்தது. சாம்பல் விளிம்பில் மட்டும்தான். எந்த மீட்டரும் இல்லாமல் ஒரு மனிதக் கண் அந்தக் கணத்தைப் பிடித்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கைதட்டத் தோன்றுகிறது.

இடித்த கரியை மூட்டை கட்டி ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் ‘உப்பு போடல’ என்று எழுதிவைத்தார். மாதிரிக்கு ஒரு பாட்டிலில் போட்டுக் கொடுத்தபோதும் அதையே எழுதி ஒட்டினார். அதற்குமேல் ஒரு சண்டை. மூன்று பாத்திகளுக்கு எருவும் பாஸ்பேட்டும் மட்டும் போட வேண்டும், கரி கூடாது, அப்போதுதான் ஒப்பிட முடியும் என்றேன். “ஒரே பந்தியில மூணு பேருக்கு மட்டும் இலை போட்டு கொழம்பு ஊத்தாம உடறதா சார்?” என்று கேட்டார். ஒரு நாள் முழுவதும் என்னோடு பேசவில்லை. கடைசியில் சம்மதித்தார், ஆனால் அந்த மூன்று பாத்தியைத் தாண்டும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கும்.

நாற்பதாம் நாள் மண் எடுத்துவந்து கூடத்தில் வைத்தோம். சென்னைப் பார்சல் வந்து சேர்ந்திருந்தது. டப்பாக் கரிதான் போட்டோம். மருந்தை அவரையே ஊற்றச் சொன்னேன். பத்து நிமிடம் நான் உட்காரவில்லை. பிளாங்க் தண்ணீராக நின்றது. மூன்று பாத்தி மண் லேசாக, நீலம் என்று சொல்லலாமா என்று யோசிக்கிற அளவுக்கு மாறியது. கரி போட்ட மண் மெல்ல மெல்ல ஏறி, ஏறி, சங்குப்பூவாகி நின்றது! நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறை கிளார்க் யாருக்கோ அமிலம் கொட்டிவிட்டது என்று வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். கரியிலேயே இருந்தது எவ்வளவு, சுண்ணாம்பிடமிருந்து தப்பியது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு கொல்லையை வைத்து உலகத்துக்குச் சட்டம் சொல்லவும் முடியாது. அதெல்லாம் அன்று மாலைதான் நினைவுக்கு வந்தது. அக்கா குழாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். “அந்த மூணு பாத்தி பாவம் சார்,” என்றார்.

பங்குனிக் கடைசியில் மூத்தார் வந்தார், சட்டைப்பையில் பேனாவோடு. நானும் போயிருந்தேன், வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். அவர் எதுவும் கேட்காமல் வரப்பில் நடந்து, தற்செயலாகக் கரி போடாத பாத்தியில் போய்க் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். மூன்று காய், அதில் இரண்டு பொக்கு. அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. நான் திறக்கப் போனேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி கண்ணால் என்னை நிறுத்தினார். மூத்தார் இரண்டு அடி தள்ளி அடுத்த பாத்தியில் குனிந்தார். செடி ஒரே இழுப்பில் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். மண்ணை உதறினால் கொத்துக் கொத்தாகக் காய். ஒன்றை உடைத்து வாயில் போட்டு வெகு நேரம் மென்றார். வேர்களில் கறுப்பாக ஒட்டியிருந்த தூளை விரலால் தேய்த்துப் பார்த்தார். “இன்னாம்மா இது, கரியா?” என்றார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “நம்ம பின்னாடிப் பங்குக்கும் கெடைக்குமா?” என்றார். பேனா பையிலேயே இருந்தது. அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். நான் வரப்பென்றும் பார்க்காமல் குதித்து, வாய்க்காலில் விழுந்தேன்.

பிறகு எனக்கு மாற்றல்கள். நடந்ததை எழுதி மேலே அனுப்பினேன், பதில் வரவில்லை. இரண்டாயிரத்துக்குப் பின் சில ஆண்டுகள் கழித்து ஒரு கருத்தரங்கில் பின்வரிசையில் தூங்கி வழிந்துகொண்டிருந்தேன். திரையில் பயோசார் என்று ஒரு சொல் வந்தது. காற்றை அடைத்து எரித்த கரி, எருவோடு ஊறவைப்பது, சுண்ணாம்பு மண்ணில் மணிச்சத்து என்று பேச்சாளர் சொல்லச் சொல்ல எனக்குத் தூக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. எழுந்து நின்று, இதை நாங்கள் மாவளிக்குழியில் செய்தோம் என்று பத்து நிமிடம் பேசினேன். ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் யார் என்று கேட்டார்கள். எங்கள் அட்டெண்டர் என்றேன். சிலர் சிரித்தார்கள். அவர்களிடம் நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வெளியே வந்து முதல் வேலையாக அவருக்குப் போன் செய்தேன். அவர் கொல்லையில் இருந்தார். சாலையோரமெல்லாம் மனைக் கல் நட்டுவிட்டார்கள், நடுவில் தங்கள் இரண்டு பங்கு மட்டும் பச்சையாக இருக்கிறது, மூத்தாருக்கு இப்போது தன்னைவிடக் கரிப் பைத்தியம் என்றார். நான் மூச்சுவாங்கச் செய்தியைச் சொன்னேன். உலகமெல்லாம் நம் கரியைத்தான் பேசுகிறார்கள், அதற்கு உயிர்க்கரி என்று தமிழில் பேர்கூட வைத்துவிட்டார்கள் என்றேன்.

“நல்ல பேருதான் சார்,” என்றார். பிறகு கவலையாக, “உப்பு போடக் கூடாதுன்னு அவங்களுக்குச் சொன்னீங்களா?” என்று கேட்டார்.

பத்து நிமிடம் பேசியவன் அதை மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கும் பாட்டில் இதே மேஜையில்தான் இருந்தது, சீட்டும் இப்படித்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எப்படி விட்டேன் என்று தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் இப்போது இவ்வளவும் எழுதினேன்.